மூன்று பரிந்துரைகளும் ஒரு படிவமும்

அண்மையில் பார்த்தது, வாசித்தது, கேட்டது பற்றி ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்று சொல்லி ஒரு மாதமாகிறது. எழுதுவது கஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன். பட்டியலும் கையில் இருந்தது. ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் வீட்டில் கிடக்கிற ஒரு படிவம் நடுவில் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு இந்த மூன்றையும் பற்றி எழுதினால் பொய் எழுதினது மாதிரி இருக்கும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். விமர்சனம் மட்டும் வேணும் என்பவர்கள் நடுவில் உள்ள பந்திகளைத் தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

முதலில் படிவம். என்னுடைய மாமா, அம்மாவின் ஒரே தம்பி, 2009இல் இருந்து இல்லை. "இல்லை" என்ற சொல்லைக்கூட எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு முன்னால் சொல்லக் கூடாது. "மாமா வரேக்கை" என்றுதான் சொல்ல வேணும். அவர் புதுக்குடியிருப்பில் றேடியோ திருத்துகிற ஒரு சின்னக் கடை வைத்திருந்தவர். ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் பருத்தித்துறைக்கு வந்து போனாராம். எனக்கு அப்போது மூன்று வயது. அவர் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது என் ஞாபகமா, அம்மா சொல்லிச் சொல்லி என் ஞாபகமாகிப் போனதா என்று தெரியாது.

வீட்டுக் காணி அம்மாவின் பேரிலும் மாமாவின் பேரிலும் இருக்கிறது. தம்பி வெளிநாடு போக நிற்கிறான். காணியை ஈடு வைக்க வேணும், அதற்கு மாமாவின் கையெழுத்து வேணும். அவர் செத்துப் போனார் என்றோ, காணாமல் போனார் என்றோ ஒரு தாள் இருந்தால்தான் அடுத்த வேலை நடக்கும். 2016இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இறப்புச் சான்றிதழ் எடுக்க விருப்பமில்லாத குடும்பங்கள் ஆள் காணப்படவில்லை என்கிற சான்றிதழை எடுக்கலாம். அம்மா அந்தப் படிவத்தைத்தான் கொண்டு வந்து வைத்திருக்கிறா. அம்மம்மா கையெழுத்துப் போட மாட்டா. "என்ர பிள்ளை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்பதுதான் அவவின் ஒரே வசனம். அம்மாவும் அவவும் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு மூன்று கிழமையாகக் கதைக்கவில்லை.

நான் பேராதனையில் இருந்துகொண்டு இரண்டு பேரோடும் போனில் தனித்தனியாகக் கதைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இந்த மூன்றும் என் கையில் வந்தன.

பார்த்தது: புரஹந்த களுவர

பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம். 1997இல் எடுத்தது. பெயரைத் தமிழில் சொன்னால் பூரணை நாளின் இருட்டு. ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம்தான், ஆனால் பார்த்து முடிக்க எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதை இதுதான். வறண்ட பிரதேசத்தில் ஒரு கிராமம். குளம் வற்றிக் கிடக்கிறது. வன்னிஹாமி என்ற கண் தெரியாத கிழவர். இராணுவத்துக்குப் போன மகன் சீல் வைத்த பெட்டியில் வருகிறான். திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஊரே அழுகிறது, அடக்கம் முடிகிறது. கிழவர் மட்டும் மகன் சாகவில்லை என்கிறார். நட்டஈட்டுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார். மகள்மாருக்குக் காசு தேவை. கட்டி முடியாத வீடு ஒன்று நிற்கிறது. ஊரில் உள்ள ஒவ்வொருவராக வந்து, போடுங்கோ, போடுங்கோ என்கிறார்கள். அவர் போட மாட்டார்.

ஜோ அபேவிக்ரம என்ற நடிகரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சிங்களச் சனத்தை நீண்ட காலம் சிரிக்க வைத்த நடிகராம், என் ரூம்மேட் சொன்னாள். இந்தப் படத்தில் அவர் ஒரு இடத்திலும் சத்தம் போட்டு அழுவதில்லை. தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறார், இருக்கிறார், எழும்புகிறார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழவர் வாசலில் குந்தியிருக்கிற விதத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மம்மா வந்துவிட்டா. கண் தெரியாதவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று எழுதினால் பிழை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

2000இல் போர் உச்சத்தில் இருந்தபோது இந்தப் படத்தைத் தியேட்டரில் ஓட விடாமல் அரசாங்கம் தடுத்தது. இயக்குநர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2001இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்து படம் வெளியானது. இதை ஒரு தகவலாகச் சொல்லவில்லை. படத்தில் போர்க்களம் ஒரு இடத்திலும் இல்லை. ஒரு கிழவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுக்கிறார், அதுவே அந்த நேரத்தில் பயப்படக்கூடிய விஷயமாக இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் பார்த்தது ஹொஸ்டல் ரூமில், என் ரூம்மேட்டின் லப்டொப்பில். அவள் மதவாச்சிப் பக்கம். நான் வீட்டுக்குப் போகிற கண்டி–யாழ்ப்பாணம் இரவு பஸ் அவளின் ஊருக்குத் திரும்புகிற சந்தியைத் தாண்டித்தான் போகும். எத்தனை தரம் நித்திரையில் தாண்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்றரை வருஷமாக ஒரே ரூம். ஒரே கேத்தலில் தேத்தண்ணி. அவளிடம் நான் மாமாவைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தப் பெட்டி ஊருக்குள் வருகிற காட்சியில் அவள் படத்தை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் போனை நோண்டினாள். பிறகு சிங்களமும் இங்கிலீசும் கலந்த எங்கட பாஷையில் சொன்னாள், "எங்கட பாப்பாவும் இப்பிடித்தான் வந்தவர். பெட்டி திறக்க விடேல்லை." பாப்பா என்றால் சித்தப்பா. அவள் பிறக்க முதல் நடந்தது. வீட்டுச் சுவரில் ஒரு படம் இருக்கிறதாம்.

இப்போது நான் உண்மையைச் சொல்ல வேணும். எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. பொறாமை. உங்களுக்கு ஒரு பெட்டியாவது வந்ததே என்று. அடக்கம் செய்த இடம் இருக்கிறது, வருஷா வருஷம் தானம் கொடுக்க ஒரு திகதி இருக்கிறது, சுவரில் இருக்கிற படத்துக்கு மாலை போடலாம். எங்களிடம் ஒரு திகதிகூட இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. மாமாவைப் பற்றி மட்டும் சொன்னேன். முதல் முறையாக.

அவள் கேட்ட முதல் கேள்வி, "அவர் புலியா?"

இல்லை, றேடியோ திருத்துகிறவர் என்றேன். சொன்ன பிறகு எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது. புலியாக இருந்திருந்தால் என்ன, அம்மம்மாவுக்கு மகன் இல்லாமல் போய்விடுவானா? அதையும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. லைட்டைப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். படம் நெடுநேரம் அப்படியே நின்றது. அதுதான் இரண்டரை மணித்தியாலம் போனதற்குக் காரணம்.

படம் முடிந்த பிறகு அவள் சொன்ன ஒன்றுதான் எனக்கு இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. "எங்கட ஆச்சி கையெழுத்துப் போட்டவ. அந்தக் காசிலதான் வீட்டுக்கு ஓடு போட்டது. அதுக்காக அவ நம்பினவ எண்டு இல்லை. சாகும் மட்டும் நம்பேல்லை. பெட்டிக்குள்ள வேற யாரோ எண்டுதான் சொல்லுவா."

எனக்குப் படத்தில் ஒரு குறையும் இருக்கிறது. படத்தில் போர் எங்கேயோ தூரத்தில் நடக்கிறது. அந்தத் தூரத்தில்தான் நாங்கள் இருந்தோம். எங்களில் ஒருவர் முகம்கூட அதில் இல்லை. அதற்காகக் கோபப்பட வேணுமா என்று யோசித்தேன். ஒரு கிராமத்தின் கதையை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கிராமத்துக்குத் தெரிந்த அளவில்தான் சொல்லலாம், அவர்களுக்கு நாங்கள் தெரியாது, அதுவும் ஒரு உண்மைதான் என்று இப்போதைக்கு முடிவெடுத்திருக்கிறேன். நீங்கள் பார்த்துவிட்டு வேறு மாதிரிச் சொன்னால் கேட்க விருப்பம்.

இதற்குப் பரிகாரமாக அடுத்த கிழமை அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) பார்த்தோம். போர் முடிந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வருகிற ஒரு முன்னாள் போராளியின் கதை. சிங்கள இயக்குநர் தமிழில் எடுத்த படம். 2022இல் காலமான தர்ஷன் தர்மராஜ் நடித்தது. இந்த முறை சப்டைட்டில் வாசித்தது அவள்.

வாசித்தது: சொல்லாத சேதிகள்

1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. பத்துப் பெண்கள் எழுதியவை. சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையோடு வந்தது. சின்னப் புத்தகம், ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். ஆனால் ஒரே இருப்பில் வாசிக்க வேண்டாம், நாளுக்கு இரண்டாக வாசியுங்கோ.

பெண்கள் கவிதை என்றவுடன் அம்மாவும் நிலாவும் என்று நினைக்கிறவர்கள் என் பட்ச்சிலும் இருக்கிறார்கள். இதில் இருப்பவர்கள் தங்களை ஆண்கள் உடம்பாக மட்டும் பார்ப்பதைப் பற்றி எழுதுகிறார்கள். சீதனத்தைப் பற்றி எழுதுகிறார்கள். துவக்கோடு இரவில் நடமாடுகிறவர்களைப் பற்றியும், போனவனுக்காக வீட்டில் காத்திருப்பதைப் பற்றியும் எழுதுகிறார்கள். நாற்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. சில கவிதைகளில் திகதியை மறைத்துவிட்டால் போன கிழமை எழுதினது என்று நம்பலாம். அது கவிதைக்குப் பெருமை, எங்களுக்குப் பெருமையில்லை.

எல்லாக் கவிதைகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலது கோஷம் மாதிரி முடிகிறது. அந்தக் காலத்து மேடைச் சத்தம் கேட்கிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளும் எங்கேயோ ஒரு வரியில் ஒரு பெண் தனியாக நின்று கதைக்கிறாள். அதைத் தேடி எடுக்கிறது வாசிக்கிறவரின் வேலை.

இதில் எழுதியவர்களில் ஒருவர் சிவரமணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவி. 1991 மே மாதம், தன்னிடம் இருந்த கவிதைகளை அழித்துவிட்டுத் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். வயது 22. எனக்கும் 22. நானும் கலைப்பீடம். இந்த ஒற்றுமையை வைத்து நான் ஒன்றும் பெரிதாகச் சொல்ல வரவில்லை. அவர் கண்டதில் ஒரு துளியும் நான் காணவில்லை. ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வைத்தது. அவர் கையில் இருந்தது எல்லாம் போய்விட்டது. இன்று நாங்கள் வாசிப்பது அவர் கையைவிட்டு ஏற்கெனவே போயிருந்தவை. சஞ்சிகையில் வந்தவை, தொகுப்பில் சேர்ந்தவை, நண்பர்களிடம் இருந்தவை. கொடுத்ததுதான் மிஞ்சியது.

நான் இதை வாசித்ததும் அப்படிக் கைமாறி வந்த கொப்பிதான். 'நூலகம்' இணையத்தளத்தில் இருக்கிறது, இலவசம். 2005இல் தொடங்கி ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் பண்ணி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அதைச் சொல்லிக் கவலைப்படுகிற நாங்கள், எங்கள் வீட்டு அலுமாரியில் கறையான் தின்கிற பழைய சஞ்சிகையை யாரிடமாவது கொடுத்திருக்கிறோமா? எங்கள் வீட்டில் மாமாவின் ஒரு பெட்டி இருக்கிறது. அதை நான் திறந்து பார்த்தது இந்தச் செமஸ்டர் லீவில்தான்.

கேட்டது: சின்ன மாமியே

அந்தப் பெட்டிக்குள் இருந்தது கவிதை ஒன்றுமில்லை. ஸ்க்ரூ டிரைவர், ஈயம் ஒட்டுகிற கம்பி, ஒரு சைக்கிள் டைனமோ, வால்வுகள், பேர் அழிந்த இரண்டு கசெற். கசெற் ஒன்றில் பேனையால் "ரெஸ்ற்" என்று எழுதியிருந்தது.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறி கொண்டு வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் றேடியோ கேட்டார்கள். பிபிசி தமிழோசை நேரத்துக்கு ஒரு ஒழுங்கை முழுக்க ஒரு சைக்கிளைச் சுற்றி நிற்குமாம். சுற்றுகிற பிள்ளை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இழுபடுமாம். மாமாவின் தொழில் அப்படித் தொடங்கியதுதான்.

அந்த "ரெஸ்ற்" கசெற் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். மூன்று கிழமையாக இறுகிப்போயிருந்த அம்மா சிரித்துவிட்டா. யாருடைய செற்றைத் திருத்தினாலும் கடைசியில் அந்தக் கசெற்றைப் போட்டுப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பாராம். அதில் முதல் பாட்டு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. "சோகப்பாட்டுப் போட்டால் செற் சரியா வேலை செய்யுதோ எண்டு தெரியாது, சனமும் காசு தராது எண்டுவான்" என்றா அம்மா.

கசெற் நாடா ஒட்டிப்போய்க் கிடந்தது. யூடியூப்பில் கேட்டேன். உங்களில் பல பேர் கலியாண வீட்டில் இதற்கு ஆடியிருப்பீர்கள். எழுபதுகளில் இலங்கைத் தமிழில் வந்த பொப்பிசை அலையின் பாட்டு. பைலா அடி, யாழ்ப்பாணப் பேச்சு, பகிடி. அதே ஆளின் 'கள்ளுக்கடை பக்கம் போகாதே'யும், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் இதே அலைதான். சுராங்கனி இந்தியா வரை போனது. இந்தப் பாட்டுகளை எங்கள் லெக்சர்களில் யாரும் கலை என்று சொன்னதில்லை. எனக்கு இப்போது அதில் சந்தேகம். சிங்களத் தாளத்தில் தமிழ்ப் பகிடியைப் பாடி இரண்டு பக்கமும் ஆட வைத்த ஒரு காலம் இருந்தது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி எங்களிடம் இருக்கிறது? என் ரூம்மேட்டுக்கு சுராங்கனி பாடமாகத் தெரியும். அது தமிழ்ப் பாடகர் பாடினது என்று தெரியாது.

நான் இதுவரை கவனிக்காதது ஒன்று. சின்ன மாமியே ஒரு கேள்வியோடு தொடங்குகிற பாட்டு. உன் மகள் எங்கே என்று ஒரு பெடியன் மாமியைக் கேட்கிறான். பகிடியாகத்தான் கேட்கிறான். நான் போனில் போட்டது அம்மம்மாவுக்குக் கேட்கும் என்று யோசிக்கவில்லை. அவ திண்ணையில் இருந்தவ. பாட்டு முடிந்ததும், "இன்னொருக்காப் போடு, பிள்ளை" என்றா.

இரண்டாம் முறை போட்டேன். பிறகு பக்கத்தில் இருந்து, வன்னிஹாமிக் கிழவரின் கதையை அவவுக்குச் சொன்னேன். இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிவில் மட்டும், "பிறகு அந்தக் கிழவன் பெட்டியைத் திறந்தவரோ?" என்று கேட்டா. அதை இங்கே எழுத மாட்டேன், நீங்கள் பார்க்க வேணும். அம்மம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையைச் சப்பிக்கொண்டிருந்தா.

"உன்னோட இருக்கிற சிங்களப் பிள்ளையின்ர ஆச்சி?"

"அவ கையெழுத்துப் போட்டவ, அம்மம்மா."

"போட்டிட்டும் பாத்துக்கொண்டுதான் இருந்தவவோ?"

"ஓம். சாகும் மட்டும்."

அவ ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் விளக்கு வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டா. "அந்தத் தாளில என்ன எழுதிக் கிடக்கு? வாசி பாப்பம்."

அதுவரைக்கும் அவ அந்தப் படிவத்தை வாசிக்க விட்டதே இல்லை. நான் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். "இறந்தவர்" என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று இரண்டு தரம் கேட்டா. வரவில்லை என்றேன். குசினி வாசலில் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. "சரி, பஞ்சாங்கத்துக்குக் கீழ வை" என்றா அம்மம்மா.

நான் திரும்பிக் கம்பசுக்கு வந்துவிட்டேன். அவ இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவாவா என்று எனக்குத் தெரியாது. போடச் சொல்லி நானும் கேட்கப் போவதில்லை. ஆனால் அம்மாவும் அவவும் இப்போது கதைக்கிறார்கள். நேற்றுப் போன் எடுத்தபோது பின்னால் இரண்டு பேரும் மீன் விலை பற்றிச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. நல்ல சத்தம்.

ஆக, என் பரிந்துரை: படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், உங்கள் பாஷை தெரியாத ஒருவரோடு பாருங்கள். புத்தகத்தை வாசித்துவிட்டு இணைப்பை ஒரு ஆளுக்காவது அனுப்புங்கள். பாட்டை வீட்டில் வயசான ஆட்களுக்குக் கேட்கும்படி சத்தமாகப் போடுங்கள். அந்த ஒட்டிப்போன கசெற்றைத் திருத்தத் தெரிந்தவர் யாராவது கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இரண்டாவது பாட்டு என்ன என்று அம்மாவுக்கு ஞாபகம் வருகுதில்லையாம்.